டின்னுக்குள் இருந்த பரங்கிக்காய்

அக்டோபர் இரண்டாம் வாரம். ஆறு மாத விசாவில் அம்மா பியோரியாவுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வாசல் மேப்பிள் மரம் பாதி சிவப்பாகி, பாதியை உதிர்த்துக்கொண்டிருந்தது. காலையில் வெளியே போனால் மூச்சு புகையாக வந்தது. இலினாய் மாநிலத்தில் இந்தப் பருவம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டிவிடுவார்கள். அடுப்பு என்றால் கேக் சுடும் 'அவன்'தான். குளிருக்கும் ஆச்சு, சாயங்காலம் காப்பிக்குத் தொட்டுக்கொள்ளவும் ஆச்சு.

அன்று சாக்லேட் பம்ப்கின் லோஃப் சுடுவதற்காக நான் டின்னைத் திறந்து கிண்ணத்தில் கவிழ்த்தேன். டின்னின் வளையங்கள் பதிந்தபடியே ஒரு மஞ்சள்பழுப்பு உருளை சொத்தென்று விழுந்தது. பக்கத்தில் நின்ற அம்மா சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"பரங்கிக்காய்டி இது. வேகவெச்சு மசிச்சிருக்கான்."

"பம்ப்கின்மா. எதிர்வீட்டு வாசல்ல கண்ணு மூக்கெல்லாம் வெட்டி வெச்சிருக்காளே, அது."

"அது பார்க்கவே சப்புன்னு இருக்கு. இது நம்மூருப் பரங்கி."

அம்மா மாயவரத்துக்காரி. பொங்கல் குழம்பிலும் பால் கூட்டிலும் அறுபது வருஷமாகப் பரங்கிக்காய் போட்டவள். நானோ பத்து வருஷமாக இதே டின்னைத் திறந்துகொண்டிருப்பவள். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். ராத்திரி தூக்கம் வராமல் தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்து அம்மா சொன்னது தாவரவியல்படியே சரி.

எதிர்வீட்டு வாசலில் இருந்த ஆரஞ்சு நிற ஹாலோவீன் காய் குக்குர்பிட்டா பெப்போ என்ற இனம். டின்னுக்குள் இருப்பது டிக்கின்சன் என்ற வகை. இனம் குக்குர்பிட்டா மொஸ்காட்டா. நம் ஊர்ச் சந்தையில் கீற்றுப் போட்டு விற்கும் பரங்கிக்காயும் அதே மொஸ்காட்டாதான். தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கி, கொங்கில் அரசாணிக்காய், சென்னையில் மஞ்சள் பூசணி என்று எந்தப் பெயர் சொன்னாலும் சரி. டின்னில் படம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக, ஹாலோவீன் காய் மாதிரி இருக்கும். உள்ளே போவதோ நீளவாக்கில் வெளிறிய மண்நிறத் தோலோடு வளரும் காய். இது ஏமாற்று வேலை இல்லை. சதை கெட்டியாகவும் இனிப்பாகவும் உள்ள இந்த வகைகளுக்குப் பம்ப்கின் என்று பெயர் ஒட்டிக்கொள்ள அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே அனுமதி கொடுத்திருக்கிறது.

அந்தக் காய் விளைவது என் வீட்டிலிருந்து பதினாறு கிலோமீட்டருக்குள். பியோரியாவுக்குத் தென்கிழக்கே மோர்ட்டன் என்று ஒரு சின்ன ஊர். அமெரிக்காவில் டின்னில் விற்கும் பூசணியில் பெரும்பகுதி அந்த ஒற்றைத் தொழிற்சாலையிலிருந்து போகிறது. ஊர் எல்லையில் 'உலகப் பூசணித் தலைநகர்' என்று பெருமையாகவே போட்டுக்கொள்கிறார்கள். 1967 முதல் செப்டம்பரில் திருவிழாவும் நடக்கிறது. அறுவடைக் காலத்தில் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால், யார் வீட்டிலோ அண்டா அண்டாவாகப் பரங்கிக்காய் வேகிற மாதிரி வாசனை வரும். அம்மாவைக் காரில் அழைத்துப் போனேன். கொடியெல்லாம் வாடி, வயல் முழுக்கக் காய்கள் பாறைக் கற்கள் மாதிரி கிடந்தன. இயந்திரம் அவற்றை வரிசையாக ஒதுக்கிக் குவிக்க, லாரி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. "ஒரு பூ கூட இல்லையே" என்றாள் அம்மா. மார்கழிக் கோலத்தில் சாண உருண்டை மேல் வைக்கிற பரங்கிப்பூ ஞாபகம் அவளுக்கு.

எலைஜா டிக்கின்சன் என்பவர் 1835இல் கென்டக்கியிலிருந்து இலினாய்க்குக் குடியேறியபோது விதை மூட்டையில் இந்தக் காயும் வந்தது. மாட்டுக்குத் தீவனமாகவும் வீட்டுக்குக் காயாகவும் இருந்தது, அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை டின் தொழிலில் இறங்கியதும் சரக்காகிவிட்டது. மோர்ட்டனில் 1925இல் ஆலை வந்தது. 1929இல் லிபி கம்பெனி அதை வாங்கியது. லிபி அதற்கு முன் சிகாகோவில் மாட்டிறைச்சியை டின்னில் அடைத்துப் பேர் வாங்கிய கம்பெனி. 1970களில் அதுவும் நெஸ்லேயின் கைக்குப் போயிற்று.

ஒரே வட்டாரத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2009 சாட்சி. அந்த இலையுதிர் காலத்தில் விடாத மழை. வயல் சேறாகி, டிராக்டர் இறங்க முடியாமல், மிச்சக் காய்களை மண்ணோடு உழுதுவிட்டார்கள். நவம்பரில் கம்பெனி மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டது. தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குப் பூசணிப் பை செய்யாவிட்டால் குலதெய்வத்துக்குப் படையல் போடாத மாதிரி பதறும் ஜனங்கள், டின் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினார்கள்.

கென்டக்கிக்கு முன் கதை இன்னும் பின்னே போகிறது. காட்டுப் பரங்கி இனங்கள் எல்லாம் பயங்கரக் கசப்பு. சின்ன மிருகங்கள் கிட்டே போகாது. ஆனால் மாஸ்டோடான் என்ற, யானையின் தூரத்து உறவான பேருருவம் அந்தக் கசப்பைச் சட்டை செய்யாமல் விழுங்கி, போகிற வழியெல்லாம் சாணத்தோடு விதையைப் போட்டது. ஃபுளோரிடாவில் கிடைத்த பழைய மாஸ்டோடான் சாணப் படிவுகளில் அந்த விதைகள் இருக்கின்றன. மாஸ்டோடான் அழிந்த பிறகு விதையைச் சுமக்க ஆளில்லை. அப்போதுதான் மனிதன் கை வைத்தான். மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் கிலா நகிட்ஸ் என்ற குகையில் கிடைத்த பெப்போ விதைகளுக்கு வயது சுமார் 10,000 ஆண்டு. அமெரிக்கக் கண்டத்தில் மக்காச்சோளத்துக்கும் மூத்த பயிர் இது. முதலில் சதைக்காக யாரும் வளர்த்திருக்க மாட்டார்கள். விதையை வறுத்துத் தின்னவும், ஓட்டைக் குடுவையாகப் பயன்படுத்தவும்தான் வளர்த்திருப்பார்கள். கசப்புக் குறைந்த காயின் விதையாகப் பார்த்து எடுத்து எடுத்து வைத்ததில், தலைமுறை தலைமுறையாக இனிப்பு ஏறியது.

மொஸ்காட்டா தனி வழி. வெப்பமண்டல அமெரிக்காவின் தாழ்நிலத்தில், புழுக்கத்தில் பழகி வளர்ந்த இனம் அது. அதனால்தான் போர்ச்சுக்கீசியர் கப்பலேற்றிக் கொண்டுவந்தபோது நம் ஊர் வெயில் அதற்கு அந்நியமாகப் படவில்லை. கொண்டுவந்தவன் அடையாளம் பெயரிலேயே நின்றுவிட்டது. ஃபிராங்க் என்ற ஐரோப்பிய இனப் பெயர் அரபியிலும் பாரசீகத்திலும் ஃபரங்கியாகி, தமிழில் பரங்கியாயிற்று. பரங்கிமலையில் இருப்பதும் அதே பரங்கிதான். அவன் கொண்டுவந்த மிளகாய்க்கு மிளகின் பெயரைக் கொடுத்தோம், முந்திரிக்கு எங்கிருந்தோ ஒரு பெயரைக் கொடுத்தோம்; இந்தக் காய்க்கு மட்டும் வந்தவன் பெயரையே சூட்டினோம். திருஷ்டிக்கு உடைக்கிற வெண்பூசணி வேறு; அது ஆசியாக் காய், நம் ஊரில் இதற்கு ரொம்ப மூத்தது.

ஆக, கென்டக்கி விவசாயியின் மூட்டையில் வடக்கே போன காயும், போர்ச்சுக்கீசியன் கப்பலில் மாயவரம் வந்த காயும் ஒரு தாய்ப் பிள்ளைகள். இதைச் சொன்னபோது அம்மா, "இதுக்குப் போய் ராத்திரி பூரா முழிச்சிண்டிருந்தியா?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

லோஃபுக்கு அடுத்த சாமான் கோகோ. பரங்கியும் கோகோவும் ஒரே திசைக்காரர்கள்தான். ஈக்வடாரின் மேல் அமேசான் பகுதியில், சாந்தா ஆனா லா ஃபுளோரிடா என்ற இடத்துப் பழைய பானைகளில் கோகோவின் தடம் கிடைத்திருக்கிறது; சுமார் 5,300 ஆண்டுப் பழமை என்று 2018இல் வெளியிட்டார்கள். பிறகு மாயரும் ஆஸ்டெக்குகளும் அதை அரைத்து, நுரை பொங்க ஆற்றிக் குடித்தார்கள். மிளகாய்கூடப் போடுவதுண்டு. சர்க்கரையும் பாலும் ஐரோப்பா போய்ச் சேர்ந்த பிறகு வந்தவை.

பாத்திரம் பாத்திரமாகக் குடித்த இது மாவாக மாறியது டச்சுக்காரர்களால். 1828இல் ஆம்ஸ்டர்டாமின் வான் ஹூட்டன் குடும்பம் கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்து எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது. பிழிந்த பிண்ணாக்கைப் பொடித்தால் கோகோத் தூள். மகன் கூன்ராட் அதோடு நிற்காமல் காரத்தைச் சேர்த்துப் பதப்படுத்தினார். நிறம் கறுத்தது, புளிப்பு அடங்கியது. இந்த வித்தையால் என் சமையலறையில் ஒரு லோஃப் பாழாய்ப் போயிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோகோ மரம் இன்று பிறந்த கண்டத்தைவிட ஆப்பிரிக்காவில்தான் அதிகம் காய்க்கிறது. 1870களில் டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் ஃபெர்னாண்டோ போ தீவில் வேலை பார்த்துவிட்டு, கோல்ட் கோஸ்ட் என்றிருந்த கானாவுக்குத் திரும்பும்போது கோகோ விதைகளைக் கொண்டுவந்து மாம்போங்கில் நட்டார். 1911க்குள் அந்த நாடு உலகிலேயே அதிகம் கோகோ விளைவிக்கும் இடமாகிவிட்டது. இப்போது ஐவரி கோஸ்ட்டும் கானாவும் சேர்ந்து உலக விளைச்சலில் பாதிக்கு மேல் தருகின்றன. அங்கே மழை பொய்த்து, மரங்களை நோய் தாக்கியதில், 2022இல் டன் 2,500 டாலர் வாக்கில் இருந்த விலை 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. எங்கள் கடையில் நான் வாங்கும் தூள் டப்பாவிலும் அது தெரிந்தது. அந்த விலையேற்றத்தில் ஒரு காசு அந்தக் கொல்லரின் ஊர் விவசாயிகளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. பெரும்பாலும் ரெண்டு ஹெக்டேர் மூணு ஹெக்டேர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் அவர்கள். விலை ஏறுகிற வருஷம் அவர்களிடம் காய் இருப்பதில்லை.

பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு பற்றி நமக்குச் சொல்லவே வேண்டாம். அமெரிக்கர்கள் இவற்றைக் கலந்து ஒரே குப்பியில் 'பம்ப்கின் பை ஸ்பைஸ்' என்று விற்கிறார்கள். மெக்கார்மிக் 1934இல் தொடங்கியது. குப்பியில் பூசணி ஒரு துளியும் கிடையாது. இங்கே கடையில் சினமன் என்று கிடைப்பது பெரும்பாலும் இந்தோனேசியாவின் முரட்டுப் பட்டை. மெல்லிய சுருள் சுருளாக இருக்கும் இலங்கைக் கறுவாப்பட்டையை அம்மா பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். இடித்துப் போட்டேன். வாசனை மென்மையாக இருந்தது, ஆனால் கோகோவின் முன் எடுபடவில்லை. இந்த வேலைக்கு முரட்டுப் பட்டையே மேல் என்பது என் தீர்ப்பு.

மிச்சம் இருப்பது சோடா உப்பு. இதை யாரும் பேசுவதில்லை, ஆனால் இது இல்லாமல் இந்தப் பண்டமே இல்லை. ரொட்டிக்கு ஈஸ்ட் போட்டு மணிக்கணக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாத குடியேறிகள், காட்டை அழித்து எரித்த சாம்பலைக் கரைத்துக் காய்ச்சி ஒரு வெள்ளை உப்பு எடுத்தார்கள். முத்துச்சாம்பல் என்று பெயர். அமெரிக்க அரசு கொடுத்த முதல் காப்புரிமையே, 1790 ஜூலை 31 அன்று, சாமுவேல் ஹாப்கின்ஸுக்கு இந்தச் சாம்பல் உப்பு எடுக்கும் முறைக்குத்தான். ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆறு வருஷம் கழித்து 1796இல் ஹார்ட்ஃபோர்டில் ஒரு சமையல் புத்தகம் வந்தது. எழுதியவர் அமீலியா சிம்மன்ஸ். முகப்பில் தன்னை ஓர் அமெரிக்க அநாதை என்று குறிப்பிட்டுக்கொண்டவர். மாவை உப்ப வைக்க முத்துச்சாம்பலைப் போடச் சொல்லி அச்சில் வந்தது அதில்தான். பூசணிப் புட்டிங்குக்கு இரண்டு பக்குவமும் அதிலேயே இருக்கிறது. 1846இல் ஆஸ்டின் சர்ச்சும் ஜான் டுவைட்டும் சோடா உப்பைப் பொட்டலம் கட்டி விற்கத் தொடங்கியதும் சாம்பல் மறைந்தது. இப்படி, ஈஸ்ட் இல்லாமல் கிண்ணத்தில் கலக்கி நேரே அடுப்பில் வைப்பதற்குக் 'குயிக் பிரெட்' என்று பெயர் வைத்தார்கள். சர்க்கரை ஒரு கப், எண்ணெய் அரை கப், முட்டை இரண்டு போட்டுவிட்டு பிரெட் என்கிறார்கள். கேக் என்று சொன்னால் காலைப் பலகாரத்துக்குச் சாப்பிட முடியாதே, அதனால்தான் என்பது என் சந்தேகம்.

சரி, பாழாய்ப் போன லோஃபுக்கு வருகிறேன். முதல் வருஷம் கடையில் கறுகறுவென்று இருந்த கோகோ டப்பாவைப் பார்த்து, நல்ல சரக்கு என்று நினைத்து வாங்கினேன். டச்சு முறையில் புளிப்பெடுத்த கோகோ அது. பக்குவத்தில் சோடா உப்பு ஒரு டீஸ்பூன் என்று இருந்ததை அப்படியே போட்டேன். சோடா உப்பு பொங்க வேண்டுமானால் கூட ஏதாவது புளிப்பு இருக்க வேண்டும். சாதாரணக் கோகோவில் அது உண்டு, டச்சுக் கோகோவில் இல்லை. பூசணிக்கும் வெல்லச் சர்க்கரைக்கும் உள்ள கொஞ்சநஞ்சப் புளிப்பு போதவில்லை. லோஃப் ஏதோ எழும்பியது, ஆனால் வாயில் வைத்தால் சோப்பு. அலுவலகத்துக்கு எடுத்துப் போயிருந்தேன். எல்லோரும் ஒரு துண்டு எடுத்து, ரொம்ப நன்றாயிருக்கிறது என்று சொல்லி, மிச்சத்தைக் காகிதத் துணியில் சுற்றி மேஜை ஓரம் வைத்தார்கள். இந்த ஊர்ப் பண்பாடு அப்படி. அம்மாவாக இருந்திருந்தால் நேரே குப்பைக்கூடையைக் காட்டியிருப்பாள்.

இந்த முறை சாதாரணக் கோகோதான். நம் மைதாவுக்கு நிகரான மாவு ஒன்றரை கப், கோகோ அரை கப், சோடா உப்பு, பட்டைத்தூள், ஒரு சிட்டிகை கிராம்பு எல்லாம் சலித்து ஒரு பக்கம். முட்டை, எண்ணெய், சர்க்கரை அடித்து, டின்னிலிருந்து 245 கிராம் பரங்கி மறு பக்கம். இரண்டையும் சேர்த்தபின் கிளறுவது எண்ணி இருபது சுற்று. அதற்குமேல் போனால் லோஃப் ரப்பராகும். மாவு தெரியாமல் மறைந்த கணம் கரண்டியை எடுத்துவிட வேண்டும், கட்டி இருந்தாலும் பரவாயில்லை. இதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கட்டி தட்டிண்டிருக்கு பார்" என்று கரண்டியைப் பிடுங்கப் பார்த்தாள். கடைசியாக ஒரு கை சாக்லேட் சிப்ஸ். 1930களில் மாசசூசெட்ஸின் விட்மன் ஊரில் விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்டு குக்கியில் துண்டுத் துண்டாகப் போட்டதிலிருந்து வந்த பழக்கம் அது.

ஒன்பதுக்கு ஐந்து அங்குல அச்சு, 350 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 175 செல்சியஸ். அரை மணி ஆனதும் வாசனை முதலில் கோகோவாக வந்தது. அப்புறம் பட்டை. அம்மா அவன் கண்ணாடி முன் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். நாற்பதாவது நிமிஷம் மேல்தோல் நீளவாக்கில் வெடித்து, பிளவுக்குள் ஈரமாகக் கறுப்பு மினுங்கியது. "வெடிச்சுடுத்துடி!" என்று கத்தினாள். வெடிக்கத்தான் வேண்டும். மேல்புறம் காய்ந்து இறுகிய பிறகும் நடுவில் சோடா பொங்கிக்கொண்டே இருப்பதால் வருகிற வெடிப்பு. அறுபத்திரண்டாவது நிமிஷம் பல்குத்தும் குச்சியைச் செருகி எடுத்தேன். ஈரம் ஒட்டாமல் ரெண்டு பொருக்கு மட்டும் வந்தது. எடுத்துவிட்டேன்.

அம்மா சூட்டோடு ஒரு துண்டு கேட்டாள். கொடுக்கவில்லை. பரங்கி மசியலில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான்; அந்த நீர் ராத்திரி முழுக்க மெல்லப் பரவி லோஃப் நனைந்து நிற்கும்போதுதான் ருசி. மறுநாள் காலை காப்பியோடு அறுத்தேன். பரங்கியின் ருசி தனியாகத் தெரியவே தெரியாது, ஈரமாக மட்டும்தான் தெரியும். சாக்லேட்டில் ஊறிய பரங்கிக்கு அதுவே பெருமை என்று நான் நினைக்கிறேன். அம்மா வேறு மாதிரி நினைத்தாள். "பரங்கிய ஒளிச்சு வெச்சுட்டியே. அடையா தட்டியிருந்தா வாசனையா இருந்திருக்கும்" என்றாள். டின்னில் மிச்சமிருந்த 180 கிராமில் அரிசிமாவும் வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் பரங்கி அடை தட்டினாள். என் பையன் லோஃபை விட்டுவிட்டு அதைத்தான் தின்றான்.

ஜனவரியில் அம்மா ஊருக்குத் திரும்பினாள். தம்பி வீட்டு ஓ.டி.ஜி.யில் அவளே இந்த லோஃபைச் செய்து பார்த்திருக்கிறாள். டின் எதற்கு, உழவர் சந்தைப் பரங்கியே போதும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதே. முற்றின காயாக வாங்கி, இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, மசித்துப் போட்டாளாம். லோஃப் நடுவில் களியாக நின்றுவிட்டது. டின் பரங்கியை ஆலையிலேயே நீர் சுண்டவைத்துத்தான் அடைக்கிறார்கள். நம் காயில் அந்த நீர் அப்படியே இருக்கும். அடுத்த முறை மசியலை மெல்லிய துணியில் கட்டி ராத்திரி முழுக்கக் குழாயில் தொங்கவிட்டிருக்கிறாள். காலையில் கீழே வைத்த கிண்ணத்தில் முக்கால் டம்ளர் நீர் வடிந்திருந்ததாம். அந்த லோஃப் சரியாக வந்தது. வடிந்த நீரில் அன்றைக்கு ரசம் வைத்தாள்.